ஆங்கிலத்தில் ஒரு மலையகக் கவிஞரின் பெயர்: சி. வி. வேலுப்பிள்ளை பற்றி ஊவாவிலிருந்து ஒரு நோக்கு

மலையகத் தமிழ் இலக்கியத்தின் உள்ளடக்கம், உருவம், வர்க்கப் பின்னணி ஆகியன பற்றிய ஆய்வுகள் பெருகி வருகின்றன. படைப்பாளியின் பெயரை எவ்வாறு எழுதுவது, எவ்வாறு ஒலிப்பது, அகரவரிசையில் எங்கே நிறுத்துவது என்னும் வினாவோ விமர்சகரின் கடமைக்குப் புறம்பானதாக, நூலகரின் அலுவலாகக் கருதப்பட்டு வருகிறது. இக்கருத்து மீளாய்வுக்குரியது என்பது எமது துணிபு. பெயரைப் பதிவேட்டில் எழுதுபவன் கையில் உரிமையும் கூலியும் தங்கியிருந்த ஒரு மக்கட் கூட்டத்தின் இலக்கியத்தைப் பொறுத்தவரை, பெயர் பற்றிய வினா சிறுவினா அன்று.

இக்கட்டுரை சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) அவர்களின் பெயர் ஆங்கிலத்தில் வழங்கும் முறையை ஆராய்கிறது. ஆங்கிலத்திற் கவிதை எழுதி மலையகத் தொழிலாளரின் வாழ்வைப் பிறமொழியாளர்க்கு அறிமுகப்படுத்தியவருள் அவர் முதன்மையானவர். பிறந்தது நுவரெலியா மாவட்டத்து மடக்கும்புரத் தோட்டம். எனினும் ஊவாவிலிருந்து இவ்வினாவை நோக்குவதற்குக் காரணம் உண்டு. பதுளை, பசறை, அப்புத்தளை, பண்டாரவளைப் பகுதிகளில் மும்மொழிப் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. ஒரு மொழியின் பெயரை இன்னொரு மொழி எவ்வாறு ஏற்கிறது என்பதற்கு அங்குள்ள ஊர்ப்பெயர்களும், அம்மண் தந்த எழுத்தாளர் ஒருவரின் பெயரும் தெளிவான சான்றுகளாகின்றன.

1. குடும்பப் பெயர் என்னும் கருத்து

ஆங்கில விமர்சன மரபில் கவிஞர் தம் குடும்பப் பெயராலேயே சுட்டப்படுவர். எலியட், ஏட்ஸ் என்பன போல வேலுப்பிள்ளை என்று தனித்து எழுதுவதும், நூற்பட்டியலில் அதனை முன்னிறுத்தி முதலெழுத்துகளைப் பின்தள்ளுவதும் இம்மரபின் விளைவே. இதன் அடியில் உள்ள எடுகோள், இறுதியில் நிற்கும் சொல் தந்தை வழியாகத் தலைமுறை தோறும் இறங்கிவரும் பெயர் என்பதாகும்.

தமிழிற் பெரும்பாலும் நிலைமை இதற்கு நேர்மாறானது. இறுதியில் நிற்பது அவரவர்க்கு இடப்பட்ட பெயர். முன்னே வருவது தந்தையின் பெயர், அல்லது ஊரின் பெயர், அல்லது இரண்டும். சங்கப் புலவரான மதுரை ஈழத்துப் பூதன்தேவனாரின் பெயரை நோக்குக. வாழ்ந்த ஊர், வந்த நாடு, தந்தை, தான் என்னும் நான்கும் அதில் வரிசையாக நிற்கின்றன. பூதன் மகன் தேவன் என்பதே பொருள். தேவனார் என்பதைக் குடும்பப் பெயராகக் கொண்டால் தந்தையை மகனாகவும் மகனைக் குலமாகவும் மயங்கியவராவோம்.

வேலுப்பிள்ளை என்னும் பெயரைக்கொண்டே இம்மயக்கத்தை விளக்கலாம். தந்தை செல்வா என்று அழைக்கப்பட்ட எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் பெயரில் உள்ள 'வி' என்பதும் வேலுப்பிள்ளையே. ஆயின் அங்கே அது அவரது தந்தையின் பெயர். சி. வி. அவர்களிடத்தோ அது தமக்குரிய பெயர். கல்லடி வேலுப்பிள்ளை (1860–1944) என்னும் யாழ்ப்பாணத்து ஆசுகவியிடத்தும், பேராசிரியர் ஆ. வேலுப்பிள்ளையிடத்தும் அவ்வாறே. இம்மூவரும் ஆங்கிலப் பட்டியலில் ஒரே சொல்லின்கீழ் அடுத்தடுத்து நிற்கும்போது, உறவறியாத வாசகர் அவர்களை ஒரே குடும்பத்தவராகக் கொள்ள இடமுண்டு. செல்வநாயகமோ அப்பட்டியலில் வேறிடத்தில் நிற்பார்.

இன்னோர் இடர் இதனினும் பாரதூரமானது. சில இடங்களில் இப்பெயர் வேலு என்றும் பிள்ளை என்றும் இருசொல்லாகப் பிரித்து எழுதப்பட்டுள்ளது. தமிழகத்திலே 'பிள்ளை' தனித்து நின்று சாதிப் பட்டமாக வழங்குவதுண்டு. பெ. சுந்தரம் பிள்ளை, தேசிகவிநாயகம் பிள்ளை என்பன அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள். ஈழத்திலோ வேலுப்பிள்ளை என்பது ஒரே சொல்லாய் நிற்கும் இடுபெயர். வேலனுடைய பிள்ளை என்பதற்கு மேல் அது வேறெதையும் கூறுவதில்லை. இடையில் ஒரு வெற்றிடத்தைப் புகுத்தியவுடன் கவிஞருக்கு ஒரு சாதி வந்து சேர்கிறது. அதுவும் தொழிற்சங்கவாதியாய் வாழ்ந்த ஒருவருக்கு. அச்சுக்கோப்பவரின் ஒரு விரலசைவு செய்யக்கூடிய சமூக வேலை இது.

2. எழுத்தும் ஒலியும்

சி. வி. தம் ஆங்கில நூல்களில் ஒப்பமிட்ட எழுத்துக்கூட்டலில் ஒற்றைப் பகரமே உள்ளது. அதே பெயரையுடைய பேராசிரியர் ஆ. வேலுப்பிள்ளை தம் ஆங்கில ஆய்வுகளிற் பகரத்தை இரட்டித்து எழுதினார். இரண்டும் ஒரே தமிழ்ச் சொல்லுக்கு இடப்பட்ட வடிவங்கள். ஒன்று பிழை, மற்றது சரி என்று நாம் கூற முற்படவில்லை. எது எதனை இழக்கிறது என்பதே கவனிக்கற்பாலது.

ஆங்கில வாசகர் வாயில் இப்பெயர் பெரும்பாலும் 'வெலுபில்லை' என்று ஒலிக்கிறது. இதில் மூன்று இழப்புகள் உள்ளன. முதலாவது, வேகாரத்தின் நெடில் குறிலாகிறது. வேல் ஆயுதம், வெல் வினையடி. முருகனின் வேல் இங்கே மறைந்துவிடுகிறது. இரண்டாவது, பகர இரட்டிப்பு நெகிழ்கிறது. தமிழில் இரு உயிர்களுக்கிடையே ஒற்றைப் பகரம் வந்தால் ஒலி மென்மையுறும். வல்லொலியைக் காப்பதே இரட்டிப்பின் பணி. மூன்றாவது, ளகரம் லகரமாகிறது. வெள்ளம், வெல்லம், பள்ளி, பல்லி என்னும் இணைகளை அறிந்தவர்க்கு இவ்வேறுபாட்டின் பொருள்நிலையை விளக்க வேண்டியதில்லை. பிள்ளை என்பது உறவைச் சுட்டும் சொல். பில்லை என்பது அவ்வுறவை அறியாது.

எழுத்துத் தமிழின் ஒலிப்பு ஒன்றே நேரியது என்றும் நாம் வாதிக்கவில்லை. தோட்டத்து லயங்களில் வழங்கும் பேச்சில் இது 'வேலுப்புள்ள' என ஒலிக்கிறது. இகரம் உகரமாகிறது, ஐகாரம் குறுகுகிறது. ஆயினும் நெடிலும் இரட்டிப்பும் ளகரமும் அழியவில்லை. எழுத்தறிவு மறுக்கப்பட்டவர் காத்து நின்ற மூன்றையும் கற்றோர் வழக்கு கைவிடுகிறது என்பது சிந்தனைக்குரியது.

3. 'சி' என்னும் எழுத்து

பெயரின் முற்பகுதி இதனினும் சுவையானது. கவிஞரின் முழுப்பெயர் கண்ணப்பன் வேல்சிங்கம் வேலுப்பிள்ளை என வாழ்க்கைக் குறிப்புகள் தருகின்றன. இதனை ஏற்பின், 'சி' என்பது தமிழ்ச் சகரத்தைக் குறித்ததன்று. ககரத்தை ஆங்கில மூன்றாம் எழுத்தால் எழுதிய பழைய இலங்கை வழக்கின் எச்சமே என்று கொள்வது பொருந்தும். ஆனந்த குமாரசுவாமியின் பெயர் ஆங்கிலத்தில் இவ்வெழுத்தாலேயே தொடங்குகிறது. கந்தையா, கதிரவேலு, கனகரத்தினம் முதலான பெயர்களும் இம்முறையில் எழுதப்பட்டதுண்டு.

இவ்வெழுத்தின் பயணத்தைத் தொடர்ந்து நோக்குவோம். தமிழ்க் ககரம் ஆங்கிலத்துக்குச் சென்று மூன்றாம் எழுத்தாயிற்று. அவ்வெழுத்தின் ஆங்கிலப் பெயர் தமிழுக்குத் திரும்பி 'சி' ஆயிற்று. இன்று அவரது தமிழ் நூல்களைப் புள்ளியும் கோடும் இட்ட உரோமன் முறையிற் பட்டியலிடுவோர் அச்'சி'யை ஒரு மெய்யும் ஓர் உயிரும் சேர்ந்த ஈரெழுத்தாக மாற்றுகின்றனர். மும்முறை எல்லை கடந்த பின் கண்ணப்பன் அடையாளமற்றுப் போகிறான். ஆங்கில நூலாசிரியரும் தமிழ் நூலாசிரியரும் ஒருவரே என்பதைப் பட்டியல் மட்டும் நோக்கும் ஆய்வாளர் அறியாதிருக்கவும் கூடும்.

எனினும் இவ்விடத்து ஒரு மறுதலையை ஒப்புக்கொள்ள வேண்டும். மலையக மக்கள் அவரைச் சி. வி. என்றே அழைத்தனர். தலவாக்கலைத் தொகுதியில் 1947 இல் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானவரும் 'சி. வி.'தான், தொழிற்சங்க மேடைகளில் முழங்கியவரும் அவரே. ஆங்கில எழுத்துகள் இரண்டு மக்கள் வாயிற் புழங்கித் தமிழ்ப் பெயராகிவிட்டன. அந்நிய எழுத்து என்பதனால் இதனை ஒதுக்குவது தூய்மைவாதமாகுமேயன்றி விமர்சனமாகாது.

4. ஊவாவின் சான்று

ஒரு மொழி மற்றொன்றின் பெயரைத் தன் இயல்புக்கேற்ப மாற்றுவது இயற்கை. அதனை நாமும் செய்திருக்கிறோம். சிங்களத்தில் அகர ஈற்றினதாகிய பதுல்ல எமது வழக்கிற் பதுளை. பஸ்ஸர பசறை ஆயிற்று. வெலிமட வெலிமடை ஆயிற்று. பண்டாரவெல பண்டாரவளை ஆயிற்று. ஹபுதலே என்பதன் முதல் ஹகரம் நீங்க, பகரமும் தகரமும் வல்லொலி காக்க இரட்டித்து, அப்புத்தளை என்னும் வடிவம் பிறந்தது. வேலுப்பிள்ளையிற் பகரத்தை இரட்டிக்கச் செய்யும் ஒலியியல்பே இங்கும் தொழிற்பட்டது. லகரம் ளகரமாகும் போக்கையும் இவற்றுட் சிலவற்றிற் காண்கிறோம். பதுளைப் புகையிரத நிலையப் பலகையில் மும்மொழியிலும் எழுதப்பட்டுள்ள பெயரை ஒப்பிடுவார்க்கு இது விளங்கும்.

அவ்வாறாயின் ஆங்கிலேயர் எமது பெயரை மாற்றியதில் மட்டும் என்ன குறை என்று வினவலாம். வேறுபாடு ஒலியில் இல்லை; அதிகாரத்தில் உள்ளது. தமிழ்த் தொழிலாளி பதுல்ல என்பதைப் பதுளை என்றழைத்ததனால் எந்தச் சிங்கள விவசாயியின் உரிமையும் குறையவில்லை. அவ்வழைப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறி ஒருவரை வழக்கில் தோற்கச் செய்யவில்லை. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தொழிலாளியின் பெயரோ சட்டத்தின் முன் அவனது ஒரே சான்றாயிற்று.

ஊவா தந்த மற்றொரு சான்று தெளிவத்தை ஜோசப் (1934–2022). பதுளை மாவட்டத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்தவர். 'காலங்கள் சாவதில்லை' (1974), 'நாமிருக்கும் நாடே' (1979) ஆகியவற்றின் ஆசிரியர். தாம் ஆசிரியத் தொழில் புரிந்த தோட்டத்தின் பெயரைத் தம் பெயருக்கு முன்னே சேர்த்துக்கொண்டார். தெளிவத்தை என்பதன் ஈற்றிலுள்ள 'வத்தை' தோட்டத்தைக் குறிக்கும் சிங்களச் சொல்லின் தமிழ் வடிவம். ஜோசப் என்பது கிறித்தவத் திருப்பெயர். இவ்விரண்டனுள் எது குடும்பப் பெயர்? எதுவுமன்று. ஆங்கிலப் பட்டியலில் ஜோசப் என்பதன்கீழ் அவரை வைத்தால் உலகின் எண்ணற்ற ஜோசப்புகளுள் ஒருவராகிவிடுவார். தோட்டத்தை முன்னிறுத்தினாற்றான் எமக்குரியவர் ஆகிறார். சங்கப் புலவர் ஈழத்தைப் பெயரிற் சுமந்ததுபோல இவர் ஓர் ஊவாத் தோட்டத்தைச் சுமந்தார். நிலத்தில் உரிமையற்றிருந்த மக்களிடையே தோன்றிய ஒருவர் நிலத்தின் பெயரைத் தம் பெயராக்கிக்கொண்டது வெறும் அலங்காரமன்று.

5. பேரும் கூலியும் பிரசாவுரிமையும்

பெருந்தோட்டத்தில் 'பேர்' என்னும் சொல் பெற்ற பொருளை அறியாதவர் இவ்வினாவின் ஆழத்தை அறியார். காலையிற் பிரட்டுக்களத்திற் பெயர் பதியப்படும். செக்றோலில் விழும் பெயரே அந்நாட் கூலி. குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காதவளுக்கு 'அரைப் பேர்'. முழுநாளும் மலையில் நின்றவள் பாதிப் பெயருடன் வீடு திரும்புவாள். மனிதரின் பெயர் இவ்வாறு கூலியின் அளவையாகச் சுருங்கியமை இலங்கைத் தோட்டப்புறத் தமிழின் ஒரு கொடிய சொல்லாக்கம்.

இதற்கும் முன்னர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், தமிழகத்திலிருந்து வந்தவர் தோட்டத்தின் குறியீடு பொறித்த தகரத் துண்டை அணிந்து வந்தனர். துரைமாரின் எழுத்துகளில் ஆண் தொழிலாளர் அனைவரும் 'ராமசாமி' என்னும் ஒரே பெயராற் சுட்டப்பட்டதும் உண்டு. சின்னத்துரைமார் தமிழ் கற்பதற்கென வெளிவந்த கைநூலொன்றின் தலைப்பே 'இங்கே வா' என்பது. அம்மொழிப் பயிற்சியின் நோக்கம் ஏவலேயன்றி உரையாடலன்று.

பின்னர் வந்தது சட்டம். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. ஏற்கப்பட்டோர் தொகை ஒன்றரை இலட்சத்தை எட்டவில்லை. தொடர்ந்து வதிந்தமையை நிறுவ விண்ணப்பதாரி ஆவணங்களையே நம்ப வேண்டியிருந்தது. சுப்பையா என்னும் பெயரை ஆங்கிலத்தில் நான்கு வகையாக எழுதலாம். கறுப்பாயி என்பதனை அதனினும் பல வகையாக எழுதலாம். செக்றோலில் ஒருவகை, பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் இன்னொருவகை, பாடசாலை இடாப்பில் வேறொருவகை. 1956 இன் பின் பல இடங்களிற் சிங்களத்திலும் பதிவு நிகழ்ந்து மேலும் ஒரு வடிவம் சேர்ந்தது. தந்தை பெயரையும் தன் பெயரையும் இடம்மாற்றி எழுதினால் மகனே தந்தையாகிவிடுவான். எழுதியவர் எழுதுவினைஞர், விளைவை அனுபவித்தவர் தொழிலாளி. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோர்க்கு நிறைவான தீர்வு 2003 ஆம் ஆண்டுச் சட்டத்துடனேயே வந்தது. இக்காலம் முழுவதும் பெயரின் ஓரெழுத்து ஒரு குடும்பத்தின் நாட்டை ஐயத்துக்குள்ளாக்கக் கூடியதாயிருந்தது.

இப்பின்னணியில் 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்னும் நெடுங்கவிதையை மீளநோக்க வேண்டும். 1950களின் முற்பகுதியில் வெளிவந்து, சக்தி அ. பால ஐயாவினால் 'தேயிலைத் தோட்டத்திலே' என 1969 இல் தமிழாக்கம் பெற்ற அப்படைப்பின் உள்ளீடு, தேயிலைக்கு உரமாகி நினைவுச்சின்னமின்றி மறைந்தோருக்கான இரக்கமாகும். பெயர் தாங்கிய கல் ஒன்றையும் பெறாதவரே அதன் நாயகர். அவர்களைப் பாடியவர் துரையின் மொழியிலேயே பாடினார். பதிவேட்டின் மொழியைப் பதிவேட்டுக்கு எதிரான சாட்சியமாக்கினார் எனலாம். அந்நூலின் முகப்பில் நிற்கும் ஆசிரியர் பெயரும் அச்சாட்சியத்தின் ஒரு பகுதியே. எழுதுவினைஞர் கேட்டெழுதிய பெயரன்று அது. தோட்டத்து மகனொருவன் ஆங்கிலத்தில் தானே எழுதிக்கொண்ட பெயர்.

6. என் செய்வது?

இதற்கு இரு வகையான விடைகள் கூறப்படலாம். இரண்டும் எமக்கு உடன்பாடல்ல. முதலாவது, குறியீடுகளிட்ட உரோமன் முறையில் எல்லாப் பெயர்களையும் திருத்தி எழுதுக என்பது. ஒலிநுட்பம் காக்கப்படும் என்பது மெய்யே. ஆனால் கவிஞர் தாமே தெரிந்த எழுத்துக்கூட்டலை அழித்து, அவர் ஒருபோதும் ஒப்பமிடாத பெயரை அவர்மேற் சுமத்துவது செக்றோல் எழுதியவர் செய்த செயலுக்கு வேறாகாது. இரண்டாவது, உலக வழக்குக்கேற்ப விட்டுவிடுக, பெயரில் என்ன இருக்கிறது என்பது. தாகூரைச் சான்றாகக் காட்டுவர். வங்கத்து டாகுர் ஆங்கிலத்தில் உருமாறி, அதன் வழியே தமிழுக்கு வந்து, டகரம் மொழிமுதலாகாது என்னும் தொல்காப்பிய மரபுக்கும் இசைந்து, தாகூர் ஆனார். அதனால் அவர் புகழ் குன்றவில்லை. 1934 இல் அவர் இலங்கை வந்தபோது இளைஞரான சி. வி. தம் 'விஸ்மாஜினி' இசைநாடகத்தை அவரிடம் கையளித்தார் என்பர். ஆயின் தாகூர் குடும்பம் ஆங்கில வடிவத்தைத் தானே ஏற்றுப் பயன்படுத்தியது. அக்குடும்பத்திற்கு நிலமும் செல்வமும் இருந்தன. பெயர் மாறினும் இழக்க ஒன்றுமில்லாதவரின் அனுபவத்தை, பெயர் மாறியதால் நாட்டையே இழக்க நேர்ந்தவர்க்கு விதியாக்குவது வரலாற்றுணர்வாகாது.

எமது முடிபு எளியது. கையெழுத்தைத் திருத்த வேண்டியதில்லை. ஒலிப்பைத் திருத்த வேண்டும். ஆங்கிலக் கட்டுரைகளில் அவர் எழுதிய வடிவத்தையே, ஒரு சொல்லாக, முதலெழுத்துகள் நீங்காது எழுதுக. சுருக்கம் வேண்டின் மக்கள் வழங்கிய சி. வி. என்பதனையே கொள்க. பட்டியலில் அகரவரிசை கருதி வேலுப்பிள்ளை என முன்னிறுத்த நேர்ந்தால், அஃது இடுபெயரேயன்றிக் குலப்பெயரன்று என்பதை ஒரு முறையேனும் குறிப்பிடுக. தமிழ் நூல்களின் பதிவுக்கும் ஆங்கில நூல்களின் பதிவுக்கும் இடையே மாட்டேறு தருக. தெளிவத்தை ஜோசப்பின் பெயரிலிருந்து தோட்டத்தை நீக்காதிருக்குக. கருத்தரங்குகளில் உரையாற்றுவோர், தாம் தமிழரல்லராயினும், வேகாரத்தை நீட்டவும் பிள்ளையிலுள்ள ளகரத்தைக் கேட்டறியவும் முயலலாம். பிரெஞ்சுக் கவிஞரின் பெயரை ஒலிக்கக் கற்பவருக்கு இது அரிய முயற்சியாகாது.

பதுளையில் 2005 ஆம் ஆண்டு ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் இன்று நாட்டின் பல்கலைக்கழகங்களிற் பயில்கின்றனர். அனுமதிப் படிவத்திற் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் உள்ளவிடத்து, அதில் தந்தை பெயரை எழுதுவதா தன் பெயரை எழுதுவதா என்று அவர்கள் தயங்குவதுண்டு. அத்தயக்கம் அறியாமையன்று. செக்றோலிலிருந்து வாக்காளர் இடாப்பு வரை பெயருக்காகப் போராடிய ஒரு சமூகத்தின் நினைவு அதிலுள்ளது. அக்கட்டத்தை அவர்களுக்கு உரியவாறு நிரப்பும் உரிமையை ஏற்பதும், அவர்களின் முதற்பெருங் கவிஞரின் பெயரைச் சரிவர எழுதி ஒலிப்பதும் ஒரே கடமையின் இரு பகுதிகள் என்பதே நாம் வலியுறுத்த விழைவது.